சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களா? முதல் 90 நாள் சாப்பாட்டுக்கு ஒரு வழிகாட்டி

வெறும் வயிற்றில் சுகர் 187, மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 9.2 சதவீதம். இந்த இரண்டு எண்களும் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, மருத்துவர் ஐந்து நிமிடத்தில் என்னை அனுப்பிவிட்டார். கையில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்குச் சீட்டு ஒன்று. கூடவே 'சாப்பிடலாம்', 'சாப்பிடக்கூடாது' என்று இரண்டு பத்தி போட்ட ஜெராக்ஸ் தாள் ஒன்று. அந்தத் தாளில் கேழ்வரகு 'சாப்பிடலாம்' பக்கத்தில் இருந்தது. சரி என்று மூன்று வாரம் காலையில் இரண்டு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கூழ் குடித்தேன். சுகர் ஏறியது. எவ்வளவு குடிக்கலாம் என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அந்த மூன்று வாரம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இது புதிதாக இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று சொல்லப்பட்டவர்களுக்கு. முதல் வகைக்காரர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். உங்கள் கணக்கு வேறு, மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். நான் மருத்துவர் இல்லை. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், வீட்டில் சமையலும் நான்தான்.

1. முதல் வாரம்: தாள்களை ஒரே ஃபைலில் போடுங்கள்

வைக்க வேண்டியவை: முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் அவை, ஒரு 40 பக்க நோட்டு. எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்தும் வையுங்கள். லேப் தாளில் சில மையெல்லாம் ஆறே மாதத்தில் மங்கிவிடும்.

ஆரம்பத்திலேயே பார்த்துவைக்க வேண்டிய சோதனைகள் சில உண்டு: மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி), சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும், கொழுப்பு, ஹீமோகுளோபின். கண்ணில் விழித்திரைப் பரிசோதனையும் செய்யுங்கள். சர்க்கரை நமக்குத் தெரிவதற்குப் பல வருடம் முன்பே உடம்பில் இருந்திருக்கலாம், அதனால் கண்ணை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடக்கூடாது. தனியார் லேபில் மூன்று மாத சராசரிக்கு மட்டும் 400 முதல் 700 ரூபாய் ஆகும், ஊருக்கு ஊர் மாறும். 4,000 ரூபாய் 'ஃபுல் பாடி' பேக்கேஜை நீட்டுவார்கள். வேண்டியதைத் தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலும் பாதியில் முடிந்துவிடும்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் தயங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொற்றாநோய்ப் பிரிவில் சுகர் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். பெயர் பதியும்போது ஆதாரும் போன் எண்ணும் கேட்பார்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும் செய்கிறார்கள். மூன்று மாத சராசரி அங்கே பார்க்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை வெளியில் வாங்குவதாக இருந்தால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை கேளுங்கள். அதே மருந்து பெரும்பாலும் குறைந்த விலையில் கிடைக்கும்.

ஒரு பொறி: ரத்தசோகை. எனக்கு ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாத சராசரி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். என் வெறும் வயிற்று அளவும் தெளிவாகவே அதிகம் என்பதால் நோய் இருப்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள், குறிப்பாகப் பெண்கள்.

2. சாப்பாட்டைக் குறைக்கும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

அட்டையில் மெட்ஃபார்மின் மட்டும் இருந்தால் சோற்றைக் குறைப்பதால் சுகர் ஆபத்தாக இறங்கும் பயம் மிகக் குறைவு. கிளிமிப்பிரைடு, கிளிக்லசைடு போன்ற பெயர்கள் இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ கதை வேறு. மாத்திரை அதே அளவில் இருக்க, சோறு மட்டும் பாதியானால் லோ சுகர் வரும். டபாகிளிஃபுளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் சோறு, இட்லி எல்லாவற்றையும் திடீரென்று அடியோடு நிறுத்தினால் ரத்தம் அமிலமாகிவிடும் வேறொரு ஆபத்து இருக்கிறது.

'நான் சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா?' இந்த ஒரு கேள்வியை மருத்துவரிடம் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

3. மீட்டர் வாங்குங்கள்

குளுக்கோமீட்டர் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். மீட்டரின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், செலவெல்லாம் ரத்தத் துளியை வைக்கும் பட்டையான ஸ்ட்ரிப்பில்தான். ஒரு ஸ்ட்ரிப் 15 முதல் 25 ரூபாய் வரும். உங்கள் தெரு மருந்துக்கடையில் எந்த மீட்டரின் ஸ்ட்ரிப் எப்போதும் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அந்த மீட்டரை வாங்குங்கள். நான் தள்ளுபடியில் ஒன்று வாங்கி, அதற்கு ஸ்ட்ரிப் தேடி நாலு கடை அலைந்தேன்.

முதல் இரண்டு வாரம் தினமும் நாலு முறை குத்தினால் 56 ஸ்ட்ரிப், 1,100 ரூபாய் சொச்சம் ஆகும். அதன்பின் வாரத்துக்கு நாலைந்து போதும். டப்பாவைத் திறந்த தேதியை மூடியிலேயே எழுதுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்று லேபிளில் இருக்கும். மூடியைத் திறந்துபோட்டால் ஈரம் பட்டு ஸ்ட்ரிப் கெட்டுவிடும். அடுப்படியில் வைக்காதீர்கள்.

குத்தும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். ஒருநாள் மாம்பழம் நறுக்கிவிட்டுப் புடவையில் கையைத் துடைத்தபடி குத்தினேன். 318 காட்டியது. பதறிப்போய் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் 'கையைக் கழுவிட்டு இன்னொரு தடவை பாரு' என்றார். 146. விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று பிழியாதீர்கள். கையைத் தொங்கப்போட்டு உதறினால் வரும்.

மீட்டருக்கும் லேபுக்கும் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். 140, 150 என்று காட்டுவதை வைத்துச் சண்டை போட வேண்டாம். 140-க்கும் 240-க்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

4. மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இது கஷ்டம். பயத்தில் முதல் நாளே எல்லாவற்றையும் நிறுத்தத் தோன்றும். ஆனால் எது உங்களுக்கு ஏற்றுகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பீர்கள்? மருத்துவர் உடனே குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

வழக்கமான சாப்பாட்டையே சாப்பிடுங்கள். சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்துங்கள். சாப்பிட்டு முடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் என்று நான் ஒரு வாரம் தப்பாகக் கணக்கிட்டேன். நோட்டில் எண்ணோடு, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை என்பதையும் எழுதுங்கள். 'இட்லி' என்று எழுதினால் பயனில்லை. 'இட்லி 4, தேங்காய்ச் சட்னி, காபி சர்க்கரையுடன்' என்று எழுத வேண்டும்.

பொதுவாகச் சொல்லும் இலக்கு: சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள். வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் தளர்த்திச் சொல்வார்.

இதை எழுதும்போதுதான் என் இன்னொரு பழக்கம் வெளியே வந்தது. எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சிய சோறு வீணாகக் கூடாதென்று ரசத்தை விட்டு நானே சாப்பிட்டுவிடுவேன். தட்டில் போடாததால் அது எனக்குக் கணக்கிலேயே இல்லை. சமைக்கிற பெண்கள் நிறையப் பேருக்கு இது புரியும். இப்போது உலையிலேயே அரை டம்ளர் அரிசி குறைத்துப் போடுகிறேன்.

5. சோற்றை நிறுத்துப் பாருங்கள்

சமையலறைத் தராசு ஒன்று 300 முதல் 500 ரூபாய் ஆகும். கட்டாயமில்லை, ஆனால் எனக்குக் கண் திறந்தது அதில்தான். எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் ஒரு கரண்டி சோறு 75 கிராம். சாம்பாருக்கு மூன்று, ரசத்துக்கு இரண்டு, மோருக்கு ஒன்று என்று மதியம் ஆறு கரண்டி போட்டுக்கொண்டிருந்தேன். 450 கிராம் சோறு. வெந்த சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஆக ஒரே வேளையில் 126 கிராம். 25 டீஸ்பூன் சர்க்கரையில் உள்ள அளவு அது. தராசுக்கு முன் கரண்டியோடு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

உணவியலாளர் எனக்கு ஒரு வேளைக்கு 45 கிராம் மாவுச்சத்து என்று வகுத்துத் தந்தார். தனியாரில் ஆலோசனைக் கட்டணம் 500, 600 ரூபாய் இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவிலும் கேட்கலாம். உடம்பு, வேலை, மாத்திரையைப் பொறுத்து உங்கள் அளவு மாறும். எனக்கு அந்த 45 என்பது இரண்டு கரண்டி சோறு.

இரண்டு கரண்டி சோற்றோடு எழுந்துவிட்டால் நாலு மணிக்குப் பசி உயிரை எடுக்கும், பிஸ்கட்டில் கை போகும். அதனால் தட்டின் பாதியைப் பொரியல், கூட்டு, கீரை என்று நிரப்புங்கள். சுரை, பீர்க்கு, புடலை, அவரை, வெண்டை, கோஸ் எல்லாம் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். உருளையும் சேனையும் மரவள்ளியும் காய் கணக்கில் வராது, அவை சோற்றுக் கணக்கு. கால் தட்டு முட்டை, மீன், கோழி, கெட்டிப் பருப்பு, சுண்டல், பனீர் ஏதாவது ஒன்று. சுண்டலிலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் மெதுவாக ஏற்றும். மீதிக் கால் தட்டுதான் சோறு.

வரிசையையும் மாற்றிப் பாருங்கள். பொரியலையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால் ஏற்றம் குறைகிறது. எனக்கு அதே தட்டு, அதே அளவு, வரிசையை மாற்றியதில் மட்டும் முப்பது புள்ளி வித்தியாசம் தெரிந்தது. நம் ஊரில் இப்படிச் சாப்பிட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். மொட்டைமாடி போதும்.

6. காலை டிபன்

எனக்கு அதிகம் ஏறியது காலையில்தான். நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன்:

இட்லி 4, சட்னி: 132-லிருந்து 241.
கேழ்வரகுக் கூழ் 2 டம்ளர்: 124-லிருந்து 236.
பொங்கல் ஒரு தட்டு: 129-லிருந்து 252.
இட்லி 2, அவித்த முட்டை 2, ஒரு கிண்ணம் காய் சாம்பார்: 128-லிருந்து 171.

ஒரு நடுத்தர இட்லியில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஆகவே இட்லி ஒன்றும் விஷமில்லை, நாலு என்பதில்தான் சிக்கல். பெசரட்டு எனக்கு நன்றாக ஒத்துப்போனது. முழுப் பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்து, அரிசி சேர்க்காமல் ஊற்றுங்கள். அடை ஊற்றினால் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள். ஓட்ஸ் கஞ்சி 'சுகர்காரர்களுக்கு' என்று வாங்கிவந்தார்கள். எனக்கு இட்லியைவிட மோசம். உங்களுக்கு எப்படியோ, மீட்டரைக் கேளுங்கள்.

வெறும் வயிற்று அளவுதான் எனக்குக் கடைசியில் இறங்கியது. இரவு ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் விடியற்காலையில் கல்லீரல் சர்க்கரையை விடும். அதனால் காலை 150 பார்த்துப் பட்டினி கிடக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, படுக்கும் முன் 'ஒரே ஒரு வாழைப்பழம்' என்பதை நிறுத்தினேன். ஐந்து வாரத்தில் 120 சொச்சத்துக்கு வந்தது.

7. 'அரிசிக்குப் பதில்' என்ற பொறி

இரவில் சப்பாத்தி என்று மாறிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் பல பேர். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 75 கிராமுக்கு மேல். கோதுமை, கேழ்வரகு, தினை, சாமை, வரகு எல்லாம் 60-லிருந்து 70-க்குள். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, அதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிட முடியாது. 30 கிராம் மாவில் தட்டிய சப்பாத்தி ஒன்றில் 20 கிராம் மாவுச்சத்து. ஐந்து சப்பாத்தி என்றால் 100 கிராம். இரண்டோடு நிறுத்தி மீதியைப் பருப்பும் காயுமாக நிரப்புங்கள்.

சிறுதானியம் சாப்பிட்டால் முழுதாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். மாவாக்கிக் கஞ்சியும் கூழுமாகக் காய்ச்சினால் அது கடகடவென்று ஏறும். நான் கூழில் மாட்டிக்கொண்டது அளவால் மட்டுமல்ல, இதனாலும்தான்.

8. கணக்கில் வராத சர்க்கரை

ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். மாதத்துக்கு 1.2 கிலோ. இதை முதலில் நிறுத்துங்கள், மிகச் சுலபமாகப் பலன் தெரிவது இதில்தான். பத்து நாள் நாக்கு அழும், அப்புறம் பழகிவிடும்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாமே மீட்டருக்குச் சர்க்கரைதான். என் அத்தை 'கருப்பட்டி ஒண்ணும் செய்யாதும்மா' என்று அரைக்கிலோ கொடுத்தனுப்பினார். மனம் நோகக்கூடாதென்று வாங்கிக்கொண்டேன், வீட்டுக்காரர் காபிக்கு ஆயிற்று. 'சுகர்ஃப்ரீ' பிஸ்கட்டைத் திருப்பி, உள்ளடக்கத்தில் மைதாவும் மால்டோடெக்ஸ்ட்ரினும் (அதுவும் மாவுச்சத்துதான்) இருக்கிறதா பாருங்கள். பழத்தை ஜூஸ் போடாதீர்கள். கொய்யா ஒன்று, பப்பாளி நாலு துண்டு என்று மென்று தின்னுங்கள். மாம்பழமென்றால் இரண்டு கீற்று, அதுவும் அந்த வேளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் கழித்துவிட்டு.

வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு, ஏதோ பொடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வெந்தயம் சமையலில் இருக்கட்டும். 'மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்று சொல்லி விற்கிற பொடி பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கல்யாணப் பந்தி, விருந்து நாட்களில் நான் செய்வது: இலையில் முதலில் கூட்டு, பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன். சோறு ஒரு முறை. பாயசம் வேண்டுமென்றால் அப்பளம் அளவு சோற்றைத் தியாகம் செய்ய வேண்டும். விரதம் இருப்பவர்கள் மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் கேட்காமல் இருக்க வேண்டாம்.

9. லோ சுகர் வந்தால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல். குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறியபின் ஏதாவது சாப்பிடுங்கள். சாக்லேட், பிஸ்கட் உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108. இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். என் கைப்பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் உண்டு, இதுவரை பிரிக்க நேரவில்லை.

10. தொண்ணூறாவது நாள்

மூன்று மாத சராசரியை மூன்று மாதத்துக்கு முன்னால் மறுபடி எடுப்பது காசுக்குக் கேடு. முதல் சோதனைத் தேதியிலிருந்து 90 நாளைக் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடப்பது, சாப்பிட்டபின் எடுக்கும் அளவுக்காக அன்று மட்டும் இரண்டு இட்லியோடு போவது என்று ஒரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெறும் வயிற்று எண்ணை அப்படி ஏமாற்றலாம், சராசரியிடம் நடக்காது. அன்று வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். வழக்கமான மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு நோட்டையும் எடுத்துப் போங்கள், சமைப்பவர் வேறொருவர் என்றால் அவரையும் கூட்டிப் போங்கள். என் மருத்துவர் நோட்டைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை ஐந்து நிமிடத்தில் முடியவில்லை. கேட்க வேண்டியவை: மாத்திரை அளவு மாறுகிறதா, அடுத்த சோதனை எப்போது, காலைப் பார்த்தாரா (செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள், அவராகக் கேட்காமல் போகலாம்), நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 அளவை எப்போது பார்க்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு எடுக்கப்போகிறீர்கள் என்றால் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. மறைத்தது தெரிந்தால் பணம் கேட்கும்போது மறுத்துவிடுவார்கள்.

எனக்கு 9.2 என்பது 90 நாளில் 7.1 ஆனது, ரத்தசோகைக்கு மாத்திரையும் சேர்த்துத்தான். எடை நாலு கிலோ குறைந்தது. மெட்ஃபார்மின் தொடர்கிறது. மளிகைச் செலவில் காய், முட்டை, பயறுக்காக மாதம் 900 ரூபாய் கூடியது. அரிசியில் ஐந்து கிலோ மிச்சம்.